லிஸ்பனில் கஞ்சி கிடைக்கும்

போர்ச்சுகலின் லிஸ்பனில் முதல் ராத்திரி நாங்கள் தின்ற ரொட்டிக்கு 14 யூரோ ஆனது. ரொட்டி, வெண்ணெய், ஒரு கிண்ணம் ஆலிவ் காய், உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு சீஸ். உட்கார்ந்ததுமே, கேட்காமலே, கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். "பாவம், நல்ல மனுஷங்க. பசியோட வந்திருக்கோம்னு பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். பில் வந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. நான் 26 வருஷமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். வரிவரியாகப் படித்தேன். ரொட்டிக்கு ஆளுக்கு இவ்வளவு, ஆலிவுக்கு இவ்வளவு, சீஸுக்கு மட்டும் 7 யூரோ.

ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு 'கூவேர்' என்று பெயர், மெனுவில் விலையும் போட்டிருந்தது. இங்கே சிங்கப்பூரில் சீன உணவகத்தில் உட்கார்ந்ததும் வரும் வேர்க்கடலை, ஈரத்துண்டு மாதிரிதான். அதைத் திருப்பி அனுப்பத் தெரிந்த எங்களுக்கு, 13 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து போனதில் புத்தி எங்கே போனதோ. போர்ச்சுகலில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நாம் கேட்காத, தொடாத பண்டத்துக்குக் காசு வாங்கக்கூடாது. பல கடைகளில் இதை மெனுவின் அடியிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வேண்டாம் என்றால் தொடாதீர்கள், அல்லது எடுத்துப் போகச் சொல்லுங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆலிவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இதைச் சொன்ன கையோடு நல்ல செய்தியும் சொல்கிறேன். நம் ஊர் உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதன் மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அங்கே மெனுவில் போட்ட விலைக்குள்ளேயே வரி அடக்கம். 11 யூரோ என்றால் 11 யூரோதான். டிப்ஸ் கட்டாயமில்லை, மனம் நிறைந்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

நாங்கள் இரண்டு முறை போனோம். பள்ளி விடுமுறையை ஒட்டி ஒருமுறை ஜூனில், ஒருமுறை டிசம்பரில். நான், வீட்டுக்காரர், மகன், மாமியார். வீட்டுக்காரர் மீன், கோழி எல்லாம் சாப்பிடுவார், மாட்டிறைச்சி மட்டும் கிடையாது. மாமியார் சைவம், ஆனால் கேக்கில் போடும் முட்டையைக் கணக்கில் சேர்க்க மாட்டார். மகனுக்கு எல்லாமே உணவு. இந்தக் கூட்டத்தை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சாப்பிடவைத்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். லிஸ்பன்காரர்கள் இரவு எட்டு மணிக்கு முன்னால் சாப்பிட உட்காருவதில்லை. ஜூனில் அவர்களுக்கும் நமக்கும் 7 மணி நேர வித்தியாசம். அங்கே எட்டு என்றால் சிங்கப்பூர் உடம்புக்கு அதிகாலை மூன்று. முதல் மூன்று நாள் மாமியார் மேசையிலேயே தூங்கினார். ஆறரை மணிக்கே பசித்து வெளியே போனால், திறந்திருப்பவை பெரும்பாலும் சுற்றுப்பயணிகளுக்கான கடைகள்தான். அதனால் மதியத்தைப் பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிட்டு, இரவுக்கு ஒரு சூப்பும் ரொட்டியும் போதும். பர்சுக்கும் அதுவே நல்லது.

மதியச் சாப்பாட்டுக்குத் 'தாஷ்கா' என்ற சின்னச் சாப்பாட்டுக்கடையைத் தேடுங்கள். நம் காப்பிக்கடைக்கு அங்கே அண்ணன் முறை. குழல் விளக்கு, காகிதம் விரித்த மேசை, மூலையில் சத்தமாக ஒரு டிவி, வேலை உடுப்போடு வந்த கட்டடத் தொழிலாளர்கள், பக்கத்து அலுவலகத்துக்காரர்கள். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், கையால் எழுதியது. அதில் நாலைந்து பெயர்கள், நேற்றைய பெயர்கள் இன்று இருக்காது. அதுதான் 'ப்ராத்து து தியா', அன்றைய சாப்பாடு. எங்களுக்கு ஆளுக்கு 9 யூரோவிலிருந்து 12 யூரோ வரை ஆனது. ஒரு யூரோ ஒன்றரை சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு தட்டு பாஸ்தாவைவிட மலிவு.

தட்டு பெரிசு. 'தோஸ்' என்றால் முழு அளவு, 'மெய்யா தோஸ்' என்றால் பாதி. மாமியார் முதல் தடவை 'தோஸ்' என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார், தோசை என்று நினைத்து. பாதியே ஒரு ஆளுக்குப் போதும். முழுதை இருவர் பகிரலாம். டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கும் வேலையெல்லாம் அங்கே எடுபடாது. வாசலில் நின்று விரலைக் காட்டி எத்தனை பேர் என்று சொன்னால் அவர்களே உட்காரவைப்பார்கள்.

தாஷ்கா எங்கே கிடைக்கும்? நாங்கள் தங்கியது கம்பு து ஓரிக் என்ற பகுதியில். சமதரை, குடும்பங்கள் வாழும் இடம், தெருவுக்கு ஒரு தாஷ்கா இருந்தது. க்ராசா மேட்டிலும் நிறைய உண்டு, ஆனால் முட்டிவலிக்காரர்கள் 28ஆம் எண் டிராமில் ஏறிப் போவது நல்லது. நடுவூரில், ருவா அகுஷ்தாவிலும் போர்த்தாஷ் த சாந்து அந்தாவ்ங் தெருவிலும் மெனு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு "ஹலோ மை ஃபிரெண்ட், இந்தியா?" என்று கூப்பிடுபவர்கள் இருப்பார்கள். நம் ஊர் போட் கீ உணவகங்களைத் தாண்டும்போது நாம் எப்படித் தலையைக் குனிந்துகொண்டு நடப்போமோ அப்படியே நடந்துவிடுங்கள். மெனுவில் படம் இருந்தால் யோசியுங்கள். ஆறு மொழியில் இருந்தால் இன்னும் யோசியுங்கள்.

மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. தமிழும் கொஞ்சம் பாசார் மலாயும் தெரிந்த சிங்கப்பூர்க்காரருக்கு லிஸ்பன் மெனு பாதி தெரிந்த பாடம். வெண்ணெய் 'மந்தேய்கா', மலாயில் மெந்தேகா. சீஸ் 'கெய்ஜு', மலாயில் கெஜு. முள்கரண்டி 'கார்ஃபு', மலாயில் கார்ப்பு. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சொற்கள் இவை. நமக்கும் விட்டுவைத்திருக்கிறார்கள். மேசை அங்கே 'மேசா', கோப்பை 'கோப்பு', ஜன்னல் 'ஜனேலா', அன்னாசி 'அனனாஷ்'. ஜன்னல் ஓர மேசை வேண்டும் என்று கேட்க எனக்குப் புதிதாக ஒரு சொல்லும் கற்கவேண்டியிருக்கவில்லை. "மேசா... ஜனேலா" என்றேன், கையைக் காட்டினேன், வேலை முடிந்தது.

அவர்கள் நம்மிடமிருந்தும் எடுத்துப்போயிருக்கிறார்கள். மாம்பழம் 'மாங்கா'. குழம்பு 'கரீல்', நம் கறிதான். சோற்றுக்கு 'அரோஷ்' என்கிறார்கள். அதற்குள் நம் அரிசி இருக்கிறதா இல்லையா என்று மொழி அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். தட்டில் சோறு இருக்கிறது, அது போதும். ஐரோப்பாவில் ஆளுக்கு அதிகமாக அரிசி சாப்பிடுபவர்கள் போர்ச்சுகீசியர்கள்தான். 'அரோஷ் த மரிஷ்கு' என்று ஒன்று உண்டு: இறால், மட்டி, நண்டு போட்டு, சாறு வற்றாமல் தளதளவென்று சட்டியோடு வரும், மேலே கொத்தமல்லித்தழை. ஆமாம், கொத்தமல்லி. பச்சையாக, தாராளமாகப் போடுகிறார்கள்.

டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்குச் சளி, தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. வீட்டுக்குக் கீழே எட்டு மேசை போட்ட ஒரு தாஷ்கா. அடுப்படியிலிருந்து வந்த அம்மா அவர் கழுத்தில் சுற்றியிருந்த சால்வையைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், "கஞ்ஜ" என்றார். வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். "கஞ்சாவா? ஐயோ, வேணாம்னு சொல்லு!" என்று என் கையைப் பிடித்தார். போர்ச்சுகலில் சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருந்தால் 2001 முதல் சிறை இல்லை என்று விமானத்தில் படித்திருக்கிறார். சிங்கப்பூர்க்காரன் வெளிநாட்டில் தொட்டாலும் ஊரில் பிடிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அம்மா திரும்பவும் "கஞ்ஜ, கஞ்ஜ" என்று தன் தொண்டையைத் தடவிக் காட்டினார்.

வந்தது ஒரு வெள்ளைக் கிண்ணம். கோழிச்சாற்றில் குழைந்து பூத்த சோறு, பிய்த்துப் போட்ட கோழி, மேலே ஒரு கொழுந்து புதினா, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கஞ்சிடா" என்றார். கஞ்சியேதான். 'கஞ்ஜ த கலீன்யா', கோழிக்கஞ்சி. நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன சொல். கோவாவில் மருத்துவராக இருந்த கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலிலேயே, மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக்கஞ்சியை நோயாளிக்குக் கொடுப்பதை அந்தப் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார். மிளகும் சீரகமும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. வீட்டுக்காரர் இரண்டு கிண்ணம் குடித்தார். சுலபமான வேலைக்கு "அது கஞ்சி" என்று சொல்வது அங்கே வழக்கம், நாம் அல்வா சாப்பிடுற மாதிரி என்போமே அப்படி. கடைகளில் சூப் வரிசையில் இருக்கும், விலை மிகக் குறைவு. ராத்திரிக்கு இதைவிட நல்லது கிடையாது.

எதைத் தவிர்ப்பது என்பதற்குச் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'வாக்கா', 'நுவில்யு', 'விதேலா' மூன்றும் மாடும் கன்றும். 'போர்க்கு' பன்றி. 'ஃப்ராங்கு' கோழி. 'பேய்ஷ்' மீன், பயப்படாதீர்கள். ரொட்டிக்குள் வைத்து விற்பதில் 'ப்ரேகு' மாட்டிறைச்சி, 'பிஃபானா' பன்றியிறைச்சி. ஷோரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சிதான் எதிர்பாராத இடத்திலெல்லாம் தலைகாட்டும். 'கால்து வேர்த்' என்ற பச்சைக் கீரை சூப் பெயரைக் கேட்டால் சைவம்போல இருக்கும், அடியில் ஒரு துண்டு ஷோரீசோ கிடக்கும். வாத்துச்சோற்றின் மேலும் அடுக்கியிருப்பார்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு ஒன்று: 'தொசீன்யு து சேவு', 'புதிம் அபாத் த ப்ரிஷ்குஷ்' என்ற இரண்டு இனிப்புகளை விசாரிக்காமல் தொடாதீர்கள். முன்னதன் பெயரிலேயே பன்றிக்கொழுப்பு இருக்கிறது, பின்னது அதைச் சேர்த்தே செய்வது. ஹலால் சாப்பாட்டுக்கு மர்தீங் முனீஷ் சதுக்கத்தை ஒட்டிய பென்ஃபொர்மோசு தெருவுக்குப் போனால் போதும். பங்களாதேஷ், பாகிஸ்தான் கடைகள் வரிசையாக இருக்கும். நம் லிட்டில் இந்தியாவின் தெஸ்கர் சாலையில் நிற்கிற மாதிரி இருந்தது.

மீனுக்கு வருவோம். 'பக்கல்யாவ்' என்ற உப்புக் காட் மீன் இல்லாமல் அங்கே மெனு கிடையாது. அந்த மீன் போர்ச்சுகல் கடலில் இல்லவே இல்லை. நார்வே போன்ற வடக்குக் கடல்களிலிருந்து பிடித்து, உப்பிட்டு உலர்த்தி வருவது. கருவாடு என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைப்பதால் வாடையும் இல்லை, உப்பும் அளவாகத்தான் இருந்தது. முதல்முறை சாப்பிடுபவர்கள் 'பக்கல்யாவ் ஆ ப்ராஷ்' கேளுங்கள். மீனை உதிர்த்து, தீக்குச்சி மாதிரி நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடு முட்டை ஊற்றிக் கிளறியது. முட்டைப் பொடிமாஸுக்குத் தூரத்துச் சொந்தம். வேகவைத்து அப்படியே வைக்கும் வகையை வீட்டுக்காரர் கேட்டு வாங்கினார். ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

ஜூனில் போகிறவர்களுக்கு மத்தி மீன். ஜூன் 12 ராத்திரி அந்தோணியார் திருவிழா. பதுவை அந்தோணியார் என்று நாம் கும்பிடுகிறவர் பிறந்தது லிஸ்பனில்தான். அல்ஃபாமா சந்துகளில் வீட்டு வாசலுக்கு வாசல் கரி அடுப்பு, புகை மூட்டம், மத்தி சுடும் வாசம். மீனை ஒரு துண்டு ரொட்டி மேல் வைத்துத் தருவார்கள். மீனைக் கையால் பிய்த்துத் தின்று முடித்ததும், எண்ணெய் இறங்கிய அந்த ரொட்டிதான் கடைசி வாய். டிசம்பரில் மத்தி கேட்காதீர்கள். வந்தால் அது உறையவைத்தது.

நண்டு, இறால் ஆசை இருந்தால் அல்மிரான்த் ரைஷ் சாலை முனையில் 1956 முதல் இருக்கும் ரமீரு. கூட்டம் அலைமோதும், மதியம் போய்விடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இவையெல்லாம் கிலோ விலை. மெனுவில் தெரியும் எண் உங்கள் தட்டின் விலை கிடையாது. தட்டில் வருவதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஈஸ்ட் கோஸ்ட்டில் நண்டு வாங்கும்போது கேட்கிற மாதிரி.

மாமியாரை எப்படிச் சமாளித்தோம் என்று கேட்பீர்கள். "சைங் கார்ன், சைங் பேய்ஷ்" என்று சொல்லிப் பழகிக்கொண்டோம்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். அவருக்குக் கிடைத்த புதையல் 'பெய்ஷீன்யூஷ் த ஓர்த்தா'. தோட்டத்துக் குட்டிமீன்கள் என்று அர்த்தம், உள்ளே இருப்பதோ பீன்ஸ்தான். முழுப் பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஜப்பானுக்குக் கொண்டுபோன இந்தப் பொரியலிலிருந்துதான் டெம்புரா வந்தது என்பார்கள். மாமியார் காரச் சட்னி இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டே ஒரு தட்டை முடித்தார். காப்பிக்கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் 'ஷமூசா' இருக்கும், நம் சமோசாதான். உள்ளே பெரும்பாலும் இறைச்சி, கேட்டு வாங்குங்கள். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம்.

முழுச் சைவச் சாப்பாட்டுக்கு லூமியார் பகுதியில் இருக்கும் ராதா கிருஷ்ணர் கோயில் உணவகம். மொசாம்பிக் விடுதலைக்குப் பிறகு அங்கிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்கள் கட்டிய கோயில். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சப்பாத்தி, பருப்பு, சோறு, காய். நேரத்தை முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு போங்கள். மாமியார் அன்று மட்டும்தான் பையில் இருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவில்லை.

காப்பியில் நமக்குப் பயிற்சி போதாதா என்ன. கோப்பி ஓ கோசோங், கோப்பி சி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது சுலபம். 'பீக்கா' என்றால் சின்னக் கோப்பையில் கெட்டிக் காப்பி. 'கலாவ்ங்' கண்ணாடிக் குவளையில் நிறையப் பால் விட்டது, தே தாரே குவளையைப் பார்த்த மாதிரியே இருக்கும். தேநீர் 'ஷா', சாயாதான். இரவில் மாமியார் குடித்தது 'கரியோக்கா த லிமாவ்ங்': எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு வெந்நீர் ஊற்றித் தருவார்கள், அவ்வளவே. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் கூடுதல் விலை என்று பல கடைகளில் உண்டு.

அப்புறம் முட்டை டார்ட். எல்லாரும் பெலேங் பகுதியில் இருக்கும் கடைக்குப் போவார்கள், நீங்களும் போவீர்கள். ஜெரோனிமுஷ் மடத்துச் செய்முறையை வைத்து 1837 முதல் சுடுகிறார்கள். வாசலில் தெரியும் நீள வரிசை பெரும்பாலும் பொட்டலம் வாங்கிப் போகிறவர்களுடையது. அதைத் தாண்டி உள்ளே நடந்தால் நீலப் பீங்கான் ஓடு பதித்த அறை அறையாக விரியும், இடம் சீக்கிரமே கிடைக்கும். ஆனாலும் என் ஓட்டு ஷியாதுவில் இருக்கும் மந்தேய்கரீயாவுக்கு. பெயரே வெண்ணெய்க்கடை. சூடாக ஒரு தட்டு வெளியே வந்ததும் மணி அடிப்பார்கள். நின்றபடியே பட்டைப்பொடி தூவி, நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்னவேண்டும். ஓடு மொறுமொறுவென்று நொறுங்கிச் சட்டையெல்லாம் சிந்தும். மகன் ஒரே நிற்பில் ஐந்து தின்றான்.

கயிஷ் து சொத்ரேயில் இருக்கும் டைம் அவுட் சந்தைக்கு ஒருமுறை போகலாம். உணவங்காடி நிலையம் மாதிரி நடுவில் மேசைகள், சுற்றிலும் கடைகள், விலை மட்டும் நம் அங்காடி விலை கிடையாது. அதற்குப் பதில் பக்கத்துப் படகுத்துறையில் ஏறி, பத்து நிமிஷத்தில் அக்கரை கசில்யாஷ் போய் மீன் சாப்பிடுவதை நான் விரும்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை தாஷ்காக்கள் பலவும் பூட்டு. சனிக்கிழமையே திட்டம் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எங்களைப்போல் தங்குமிடத்தில் மேகி கிண்டவேண்டிவரும். சின்னக் கடைகள் சிலவற்றில் அந்நாட்டு வங்கி அட்டை மட்டுமே ஓடும். நம் அட்டையைத் துப்பிவிடும். கையில் ஒரு 40 யூரோவாவது ரொக்கம் இருக்கட்டும். பில் கேட்க "அ கோன்தா" என்றால் போதும். உடனே அவர் "கொன்த்ரிபுயின்த்?" என்று எதையோ கேட்பார். இன்னும் ஏதோ காசு கேட்கிறார் என்று நான் இரண்டு நாள் சண்டைக்கு நின்றேன். ரசீதில் உங்கள் வரி எண்ணைப் போடவா என்று கேட்கிறார், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் வரிச் சலுகை உண்டு. தலையை ஆட்டி "நாவ்ங்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.